தங்கக் கல்லும் கண்டிச் சீமையும்



கடந்த வாரம் தரம் 8 மாணவர் ஒருவர் லேஞ்சியில் சுற்றி ஒரு கல்லைக் கொண்டு வந்தார். வெள்ளைக் கல், இடையிடையே மஞ்சளாக மின்னியது. "இது தங்கமா சேர்? வீட்டுக்குப் பின்னால கான் வெட்டும்போது கிடைச்சது" என்றார்.

ஒரு ஊசியால் அந்த மஞ்சள் இடத்தைக் கிளறிப் பார்த்தோம். மெல்லிய தகடாக உரிந்து வந்தது. அது மைக்கா. நமது கண்டி மலைகளில் பொன்னிற மைக்கா தாராளமாக உண்டு. தங்கமாக இருந்தால் ஊசி குத்திய இடம் பள்ளமாகும், உரியாது, நொறுங்காது. பித்தளை நிறத்தில் மின்னும் பைரைட் என்றால் தூளாக நொறுங்கும். இந்தச் சோதனைக்கு ஐந்து சதமும் செலவில்லை.

ஆனால் பிள்ளை சிரிக்கவில்லை. யாரோ ஒருவர் மெஷின் கொண்டு வந்து காணியைப் பார்க்கப் போகிறாராம். அதற்குக் காசு கட்ட, நானா உம்மாவின் காப்பை அடகு வைக்க யோசிக்கிறாராம். அதனால்தான் இந்தக் கதையை எழுதுகிறோம். இது வேறு நாட்டில் நடந்தது என்றாலும் நமது மலைகளோடு தொடர்புள்ளது.

அந்தக் காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து தோட்ட வேலைக்கு வந்தவர்கள் இந்த மலைநாட்டைக் 'கண்டிச் சீமை' என்பார்கள். அப்போது இங்கே கோப்பிதான் ராஜா. 1869இல் இலங்கைக் கோப்பி இலைகளில் ஒரு பூஞ்சண நோய் கண்டுபிடிக்கப்பட்டது. இருபது வருடங்களுக்குள் கோப்பித் தோட்டங்கள் அழிந்து, தேயிலை அந்த இடத்தைப் பிடித்தது.

கடலுக்கு அப்பால், நீலகிரிக்கு மேற்கே உள்ள வயநாட்டுப் பகுதியிலும் கோப்பித் துரைமார் இதே மாதிரி நோயாலும் பூச்சியாலும் நொந்து போயிருந்தார்கள். கூடலூர், தேவாலா, பந்தலூர் என்பவை அங்குள்ள ஊர்கள். அந்த மலைகளில் வெள்ளைக் கற்பாறைப் படைகள் ஓடுகின்றன. குவார்ட்ஸ் எனப்படும் அந்தப் பாறைக்குள் தங்கம் கலந்திருக்கிறது. அங்குள்ள குறும்பர், பணியர் மக்கள் ஆற்று மண்ணையும் மலை மண்ணையும் மரத் தட்டில் அலசி, துளித்துளியாகத் தங்கம் எடுத்து வந்தார்கள். அதில் அவர்கள் பணக்காரர் ஆனதில்லை.

1874இல் ஆல்பா என்ற கம்பெனி அங்கே பாறையை உடைக்கத் தொடங்கியது. பெரிதாக ஒன்றும் கிடைக்கவில்லை. 1879இல் இந்திய அரசாங்கம், அவுஸ்திரேலியாவின் விக்டோரியாவில் சுரங்கத் துறைச் செயலாளராக இருந்த ராபர்ட் புரோ ஸ்மித் என்பவரை அழைத்து ஆராயச் சொன்னது. அடுத்த வருடம் வந்த அவரது அறிக்கை நம்பிக்கையோடு பேசியது. லண்டனில் தங்கப் பைத்தியம் பிடித்தது. 30க்கும் மேற்பட்ட கம்பெனிகள் தொடங்கப்பட்டு, மில்லியன் கணக்கான பவுண்களுக்குப் பங்குகள் விலைபேசப்பட்டன. நோயில் விழுந்த கோப்பித் தோட்டங்கள் 'தங்க பூமி' என்ற பெயரில் பெரும் விலைக்குக் கைமாறின.

பாறையை இடிக்கும் கனத்த இயந்திரங்களைச் சீமையிலிருந்து வரவழைத்து, மலைப்பாதையில் ஏற்றிக் கொண்டு வந்தார்கள். ஒரு தொன் கல்லை இடித்தால் சில கிராம் தங்கம்தான் கிடைத்தது. இடிக்கும் செலவுக்கே அது போதவில்லை. சேர்ந்த முதலில் பெரும் பகுதி, வேலை தொடங்கும் முன்பே காணி விற்றவர்களுக்கும் கம்பெனி தொடங்கியவர்களுக்கும் போய்விட்டது. ஓரிரு வருடங்களில் எல்லாம் சரிந்தது. இயந்திரங்கள் காட்டுக்குள் துருப்பிடித்துக் கிடந்தன.

"அப்படியானால் குவார்ட்ஸில் தங்கமே இல்லையா?" என்று கேட்கலாம். இருக்கிறது. அதே 1880ஆம் ஆண்டு ஜோன் டெய்லர் கம்பெனி மைசூர்ப் பக்கம் கோலாரில் இறங்கியது. முதலில் அவர்களும் நட்டப்பட்டார்கள். பிறகு ஒரு வளமான படை கிடைத்தது. 2001 பெப்ரவரி 28இல் மூடும்வரை அங்கிருந்து சுமார் 800 தொன் தங்கம் எடுக்கப்பட்டது. அதற்காகத் தமிழ்த் தொழிலாளர்கள் மூன்று கிலோமீற்றருக்கும் அதிகமான ஆழம்வரை இறங்கினார்கள். பாறை வெடித்துச் செத்தவர்கள் பலர். கல் தூசியால் நெஞ்சு கெட்டவர்கள் இன்னும் பலர். தங்கம் உள்ள இடத்திலும் தோண்டியவர் வீட்டில் அது தங்கவில்லை.

இனி நமது பக்கம். 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி 525,000 மலையக மக்களை இந்தியா ஏற்பது என்று முடிவானது. தலைமுறை தலைமுறையாக இங்கே வாழ்ந்தவர்கள் தலைமன்னாரில் கப்பலேறினார்கள். அவர்களுக்கு வேலை கொடுக்க 1968இல் தமிழ்நாட்டு அரசு நீலகிரியில் தேயிலைத் தோட்டங்கள் அமைக்கத் தொடங்கியது. அதில் பெரும் பகுதி எங்கே தெரியுமா? அதே கூடலூர், பந்தலூர்ப் பக்கம். தங்கக் கம்பெனிகள் கைவிட்டுப் போன மலைகளில், கண்டிச் சீமையிலிருந்து போனவர்கள் மீண்டும் கொழுந்து பறித்தார்கள்.

அந்தப் பழைய சுரங்கங்கள் இன்னும் திறந்து கிடக்கின்றன. தேவாலாப் பக்கத்து ஏழைகள் சிலர் இரவில் களவாக இறங்கி வெள்ளைக் கல்லை உடைத்து வருகிறார்கள். அதை மாவாக அரைத்து, அலசி, பாதரசம் சேர்த்துத் தங்கத்தைத் திரட்டி, பிறகு நெருப்பில் சுட்டுப் பாதரசத்தை ஆவியாக்குகிறார்கள். அந்த ஆவி நஞ்சு. மண் சரிந்தும் மூச்சடைத்தும் உயிர்கள் போயிருக்கின்றன. பொலிஸும் வன இலாகாவும் குழிகளை மூடுகின்றன, மீண்டும் தோண்டப்படுகின்றன. தினக்கூலி போதாத வீட்டில் ஒரு மின்னும் கல் என்ன செய்யும் என்பதை நாம் குறை சொல்லாமல் விளங்கிக்கொள்ள வேண்டும்.

நமது நாட்டில் இரத்தினக்கல் மண்ணில் சில இடங்களில் பொடிப்பொடியாகத் தங்கம் தென்படுவதுண்டு. ஆனால் சுரங்கம் வைத்துப் பிழைக்கும் அளவுக்கு எங்கும் கிடைத்ததில்லை. கிடைத்தாலும், 1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டப்படி கனிமங்கள் அரசுக்குரியவை. புவிச்சரிதவியல் அளவை சுரங்கப் பணியகத்தின் அனுமதி இல்லாமல் தோண்ட முடியாது. புதையல் தேடித் தோண்டுவதும் குற்றம்.

ஆகவே அந்த நானாவுக்கும், அவரைப் போல யோசிக்கும் மற்றத் தம்பிமாருக்கும் ஒரே ஒரு கேள்வி. காணிக்குள் தங்கம் இருப்பது மெஷின்காரருக்கு நிச்சயம் என்றால், உம்மாவின் காப்பு அவருக்கு எதற்கு? லண்டனில் பங்கு வாங்கியவர்களும் இதைத்தான் கேட்காமல் விட்டார்கள்.

கல்லை விஞ்ஞான கூடத்து அலுமாரியில் வைத்திருக்கிறோம். கீழே 'மைக்கா கலந்த குவார்ட்ஸ், மடவளை' என்று பிள்ளையே எழுதி ஒட்டினார். பெறுமதி இல்லாத கல் அல்ல அது. பாடம் நடத்த உதவும்.

இன்னொரு வேண்டுகோள். வத்தேகம, பன்வில தோட்டங்களிலிருந்து கூடலூர்ப் பக்கம் போனவர்களை அறிந்த பெரியவர்கள் நம் ஊரில் இன்னும் இருப்பார்கள். நமது கடைகளில் கொப்பி போட்டுச் சாமான் வாங்கி, கடைசி நாளில் கணக்கு முடித்துவிட்டுப் போனவர்கள் அவர்கள். உங்களுக்கு நினைவிருப்பதைக் கீழே எழுதுங்கள். பிள்ளைகளுக்காகச் சேர்த்து வைப்போம், இன்ஷா அல்லாஹ்.