செப நூலும் தந்தப் பேழையும்

ஆரையம்பதி முதலாய மட்டக்களப்பு வாவிக்கரை ஊர்களில் உள்ளோர்க்குப் போர்த்துக்கேயர் என்றவுடன் நினைவில் எழுவது, 1628 ஆம் ஆண்டில் அவர்கள் புளியந்தீவிலே கட்டிய அரணே ஆகும். பத்தே ஆண்டுகளில் அது ஒல்லாந்தர் வசமாயிற்று. பீரங்கியே முன்னிற்கும் இவ்வரலாற்றில் மறைந்துகிடக்கும் வேறொரு செய்தியும் உண்டு. அவ்வரண் எழுவதற்கு எழுபதாண்டுகளுக்கு முன்னரே, தீவின் மறுகரையிலிருந்த கோட்டை இராச்சியத்தில், பாரிஸ் நகரத்துச் செப நூலொன்றின் சித்திரங்கள் யானைத் தந்தத்திற் புதுவடிவம் பெற்றிருந்தன.

நாளின் வெவ்வேறு வேளைகளிற் சொல்லவேண்டிய செபங்களைத் தொகுத்த நூல்கள் அக்கால ஐரோப்பியச் செல்வர் இல்லங்களிற் பெரிதும் போற்றப்பட்டன. பதனிட்ட தோலிற் கையால் எழுதிப் பொன்னும் வண்ணமும் தீட்டப்பட்டவை அவை. பிரான்சிய அரசி ஆனுக்காக ஓவியர் ஜான் பூர்டிஷோன் அணிசெய்த நூலின் ஓரங்களில் முந்நூறுக்கு மேற்பட்ட செடிகொடிகள் பெயருடன் தீட்டப்பட்டுள்ளன. அவருக்கு ஊதியம் வழங்குமாறு 1508 இற் பிறந்த ஆணையும் எஞ்சியுள்ளது. அரசியர்க்கே உரியதாயிருந்த இவ்வனப்பை அச்சுப்பொறி பரவலாக்கிற்று. தீல்மன் கெர்வர் என்னும் அச்சகத்தார் 1499 இற் பாரிஸில் வெளியிட்ட செப நூல் அத்தகையது.

கடல்கடந்து வந்த இந்நூலின் படங்களே, இன்று இலண்டன் விக்டோரியா அல்பேட் நூதனசாலையிலுள்ள 'ரொபின்சன் பேழை'யின் செதுக்கல்களுக்கு மூலமாயின. தர்மபாலன் கத்தோலிக்க சமயந் தழுவிய 1557 ஆம் ஆண்டை ஒட்டியதாக அப்பேழை கொள்ளப்படுகிறது. யேசுவின் குலமுறையை ஒரு மரமாகக் காட்டும் 'ஈசாய் மரம்' அதிற் காணப்படுகிறது. பிறிதொரு கோட்டைப் பேழையிலோ, ஜேர்மானிய ஓவியர் டியூரர் 1514 இற் செதுக்கிய பைக்குழல் வாசிப்போனே வந்து நிற்கிறான்!

இவற்றை வெறும் நகல் என ஒதுக்குவாருமுளர். அது பொருந்தாக் கூற்று. தாளின் மைக்கோடு தட்டையானது. அதற்குத் தந்தத்தில் ஆழமும் திரட்சியும் அளிப்பதற்கு எவ்வுருவம் முன்னெழும், எது பின்னொதுங்கும் என்பதைச் சிற்பியே முடிவுசெய்தல் வேண்டும். அயல் உருவங்களைச் சூழ்ந்து படரும் கொடிப்பின்னலோ இந்நாட்டுக் கோயில்களிலும் விகாரைகளிலும் பழகிய கையின் வேலை. பூர்டிஷோன் தன் ஊர்ச் செடிகளால் ஓரங்களை நிரப்பியமைக்கும் இதற்கும் அடிப்படையில் வேற்றுமை இல்லை.

மியூனிக் நகர் அரண்மனைக் கருவூலத்திலுள்ள பேழை இன்னும் ஒருபடி மேலானது. ஏழாம் புவனேகபாகு தன் பேரன் தர்மபாலனுக்கு வாரிசுரிமையை உறுதிப்படுத்தும் பொருட்டு, சிறுவனின் பொற்சிலையுடன் ஸ்ரீ ராமரக்ஷ பண்டிதரைத் தூதனுப்பினான். 1543 இல் லிஸ்பனில் மூன்றாம் ஜோன் மன்னன் அச்சிலைக்கு முடிசூட்டினான். அவ்விழாவுக்கு முன்னரே செதுக்கப்பட்டதாகக் கருதப்படும் பேழையில் முடிசூட்டுக் காட்சி இடம்பெற்றுள்ளது. ஈண்டுப் பார்த்துச் செதுக்கப் பாரிஸ் நூலின் படம் எதுவும் இல்லை. நிகழவேண்டுமென அரசன் விரும்பியதையே சிற்பி நிகழ்ந்ததாகக் காட்டினான். அரசன், பேரன், தூதன் ஆகிய மூவர் பெயரும் வரலாற்றில் நிலைத்தன. உளி பிடித்தவன் பெயர் எங்கும் பொறிக்கப்படவில்லை.