ஆடா, மரமா?

சாமந்தி, கரிசலாங்கண்ணி, மூக்குத்திப்பூண்டு எல்லாம் ஒரே குடும்பம். நம்மூர் வரப்பில் முழங்கால் உயரத்தைத் தாண்டாத அந்தக் குடும்பம், தென் அட்லாண்டிக்கின் நடுவே இருக்கும் செயின்ட் ஹெலினா தீவில் புதராகவும் மரமாகவும் வளர்ந்தது. ஸ்க்ரப்வுட் புதர், அதன் அக்கா கம்வுட் 25 அடி வரை எழும் மரம். உலகில் வேறெங்கும் இவை இயல்பாக முளைப்பதில்லை.

1502இல் போர்த்துகீசியர் தீவைக் கண்டார்கள். வழிப்போக்குக் கப்பல்களுக்கு இறைச்சி வேண்டுமே என்று ஆடுகளை இறக்கிவிட்டார்கள். 1588இல் ஆங்கிலேயரான காவெண்டிஷ் வந்தபோது மலையெல்லாம் ஆட்டு மந்தை. 1659இல் கிழக்கிந்தியக் கம்பெனி குடியேறியது. அடுப்புக்கும் சாராயம் காய்ச்சவும் விறகு வெட்டினார்கள்.

வெட்டியதைவிட மேய்ந்ததுதான் பெரிய சேதம் என்று எனக்குத் தோன்றுகிறது. வெட்டினால் கண்ணுக்குத் தெரியும். ஆடு கிழட்டு மரத்தை ஒன்றும் செய்வதில்லை, முளைக்கும் கன்றைத்தான் கடிக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் காடு அப்படியே நிற்கும், வாரிசு மட்டும் இருக்காது. 'பெருங்காடு' என்று அழைக்கப்பட்ட கம்வுட் காட்டில் 1716இல்கூட மரங்கள் ஏராளம். 1724க்குள் கிழட்டு மரங்கள் பெரும்பாலும் சாய்ந்துவிட்டன. 1836இல் பீகிள் கப்பலில் வந்த டார்வின் இந்தக் கணக்கை எழுதிவைத்திருக்கிறார்.

யாருக்கும் தெரியாமல் நடந்ததா என்றால், அதுவும் இல்லை. தீவின் கருங்காலி மரங்களை ஆடுகள் அழிக்கின்றன என்று 1745இல் ஆளுநர் லண்டனுக்கு எழுதினார். கருங்காலியைவிட ஆடுதான் பயன், கொல்ல வேண்டாம் என்று கம்பெனி இயக்குநர்களிடமிருந்து பதில் வந்தது. கணக்குப்பிள்ளை பதில்! அந்த வருஷப் பேரேட்டில் அது சரியாகக்கூட இருந்திருக்கும்.

மிச்சமிருந்த கம்வுட்டுக்கு 1990களின் தொடக்கத்தில் இன்னொரு கண்டம் வந்தது. வெளியிலிருந்து வந்து சேர்ந்த சாறுறிஞ்சிப் பூச்சி ஒன்று நூற்றுக்கு மேற்பட்ட மரங்களைக் கொன்றது. 1993இல் கென்யாவிலிருந்து ஒரு பொறிவண்டைக் கொண்டுவந்து விட்டார்கள். கடுகளவு வண்டு, அது போதுமானதாக இருந்தது.

2000த்தில் பழைய பெருங்காடு இருந்த பொட்டலிலேயே தீவு மக்கள் கம்வுட் கன்றுகளை நட ஆரம்பித்தார்கள். இப்போது ஆட்டுத் தொல்லை இல்லை. முயல்தான் கடிக்கிறது.