அப்பலாச்சியன் மலைச் சங்கம்

அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்களில் இயங்கும் அப்பலாச்சியன் மலைச் சங்கம் 1876 ஜனவரியில் பாஸ்டன் நகரில் தொடங்கியது. நிறுவியவர் இயற்பியல் பேராசிரியர் எட்வர்ட் பிக்கரிங். மலைகளை ஆராய்ந்து வரைபடம் தீட்டுவதில்தான் தொடக்ககால உறுப்பினர்களுக்கு நாட்டம் அதிகம். அந்த ஆண்டிலேயே பெண்களும் உறுப்பினர் ஆனார்கள். லண்டன் ஆல்பைன் கிளப் பெண்களுக்குக் கதவு திறக்க 1974 வரை ஆயிற்று என்பதை எண்ணினால் இதன் பெருமை விளங்கும்.

நியூ ஹாம்ப்ஷயரின் ஒயிட் மலைத்தொடரில் சங்கம் நடத்தும் எட்டு மலைக்குடில்களே அதன் முகவரி. முதலாவது 1888இல் மேடிசன் சிகரத்தருகே எழுந்தது. குடில்களின் தேவையை அழுத்தமாக உணர்த்தியது ஒரு துயரம். 1900 ஜூன் 30 அன்று, வாஷிங்டன் சிகரத்தில் நடந்த சங்கக் கூட்டத்துக்கு மலையேறிச் சென்ற வில்லியம் கர்ட்டிஸ், ஆலன் ஆர்ம்ஸ்பீ இருவரும் கடும் பனிப்புயலில் சிக்கி இறந்தார்கள். சிகரத்தின் உயரம் 1,917 மீட்டர்தான். ஆனால் 1934இல் மணிக்கு 372 கிலோமீட்டர் வேகக் காற்று பதிவான இடம் அது. கோடையிலும் அதை நம்ப முடியாது. அவர்கள் சென்ற வழியில் முதலில் ஒரு சிறு ஒதுங்கிடமும், 1915இல் 'லேக்ஸ் ஆஃப் த கிளவுட்ஸ்' கல்குடிலும் கட்டப்பட்டன. இன்றும் கோடையில் இளம் பணியாளர்கள் காய்கறியையும் பாலையும் முதுகில் சுமந்து ஏறி, விருந்தினர்களுக்குச் சமைத்துப் போடுகிறார்கள்.

மரம் வெட்டும் நிறுவனங்கள் இம்மலைச் சரிவுகளை மொட்டையடித்தபோது, மத்திய அரசே நிலத்தை வாங்கிக் காக்க வேண்டுமென்று சங்கம் வாதாடியது. அதற்கு வழிசெய்த வீக்ஸ் சட்டம் 1911இல் நிறைவேறியது. 1918இல் ஒயிட் மலை தேசியக் காடு உருவானது. 2003 முதல் மேய்ன் மாநிலத்தில் சங்கம் தானே காடு வாங்கிவருகிறது.

இளைஞர் பணியில் அதன் அணுகுமுறை தனித்துவமானது. 1968இல் பாஸ்டனில் தொடங்கிய இளைஞர் வாய்ப்புத் திட்டம், நகரப் பிள்ளைகளுடன் ஏற்கெனவே பழகிவரும் ஆசிரியர்களையும் சமூகப் பணியாளர்களையும் மலைப்பயணத்துக்குப் பயிற்றுவிக்கிறது. கூடாரம், காலணி, முதுகுப்பை ஆகியவற்றை இரவல் தருகிறது. வசதியற்ற வீட்டுப் பிள்ளைகளை மலைக்குக் கொண்டுசேர்க்க இதைவிடச் சிறந்த வழி இல்லை. மலையேற்றச் சங்கங்கள் எங்கிருந்தாலும் இந்த ஏற்பாட்டைப் பின்பற்றலாம்.