பழங்கதையும் புதுநகரமும்

கதைமாந்தர் தம் உலகை நீங்கி நம்மிடையே வந்து உலவுவதாகப் புனைதல், தொலைக்காட்சி கண்ட புதுமை எனப் பலர் கருதுவர். அது பொருந்தாது. இம்முறை மிகப் பழையது.

விக்கிரமாதித்தன் கதையை நோக்குவோம். மண்ணில் புதைந்திருந்த அரியணையைப் போசராசன் பெறுகின்றான். அதில் ஏற முற்படுந்தோறும் ஒரு பதுமை வாய் திறந்து, விக்கிரமாதித்தன் செயலொன்றைக் கூறி, அவனுக்கு நீ நிகரோ என வினவுகின்றது. பதுமைகள் 32, தடைகளும் 32. பழங்கதை, பிற்காலத்து மன்னனை நிறுத்தி அளக்கின்றது. கலப்புக் கதையின் உயிர்நிலை இதுவே.

மலாக்காவிலும் இத்தகைய கதை உண்டு. சுல்தான் மகமூது ஷா 1488இல் பட்டமெய்தி, 1511இல் போர்த்துகீசியரிடம் நகரை இழந்த வரலாற்று மன்னர். அவர் குனோங் லேடாங் மலையில் வாழும் மாய இளவரசியை மணக்க விரும்பியதாகச் செஜாரா மெலாயு கூறும். அவள் பொன்னாலும் வெள்ளியாலும் பாலம் கேட்டாள். ஈற்றில் மைந்தனின் குருதியும் கேட்டாள். ஏனையவற்றைத் தர இசைந்த மன்னர், குருதிக்கு மட்டும் இசையவில்லை. ஈண்டு அளக்கப்பட்டது மன்னரின் ஆசை.

புதுமைப்பித்தன் 1943இல் எழுதிய ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’ சிவபெருமானைச் சென்னைத் தெருவுக்கே அழைத்து வந்தது. அங்கே கலைப்புரவலர் ஒருவர் அவன் ஆடலை ஏற்க மறுக்கின்றார். தில்லைக் கூத்தனை அறிந்தவர்க்கே இதன் நகையும் குத்தலும் விளங்கும். அறியாதார்க்கு அது வெறும் வேடிக்கை.

1967இல் வெளிவந்த ‘பட்டணத்தில் பூதம்’ திரைப்படத்தில் ஜாவர் சீதாராமன் பூதமாக நடித்தார். அராபியக் கதைகளின் பூதம் ஆங்கில நாவலுள் புகுந்து, அமெரிக்கத் திரைப்படமாகி, அதன்பின் சென்னைக்கு வந்தது. 2004இல் தொடங்கிய ‘மை டியர் பூதம்’ தொடரும் இவ்வழியினதே. இவற்றில் நகையே மிகுதி. அளக்கும் கோல் மெல்ல மறைந்தது.

2011 முதல் 2018 வரை ஒளிபரப்பான ‘வன்ஸ் அப்பான் எ டைம்’ என்னும் அமெரிக்கத் தொடர் அக்கோலை மீட்டெடுத்தது. சாபத்தால் இக்கால ஊரொன்றில் வாழும் கதைமாந்தர், தாம் யார் என்பதையே மறந்துவிடுகின்றனர். கதைநூலொன்றைக் கையில் ஏந்திய சிறுவனே அவர்களை அடையாளம் காண்கின்றான்.

ஆசிரியர் கருதத்தக்கது இதுவாகும். மாணவர் கலப்புக் கதையைத் திரையில் தாமே கண்டுகொள்வர். மூலக் கதையையோ ஒருவர் சொல்லித்தான் ஆகவேண்டும். பாயா ரும்புட் மாணவனுக்கு லேடாங் மலை அயலது அன்று. பதுமைகளும் அயலாகிவிடுதல் கூடாது. சொல்வார் இல்லையெனின், சாபம் இன்றியே மறதி வந்து சேரும்.