மரத்தாற் செய்த திறவுகோல்

பூட்டு என்றால் இரும்பு என்றே எண்ணிப் பழகிவிட்டோம். திறவுகோலையும் அவ்வாறே எண்ணுகிறோம். ஆனால் மனிதன் முதன்முதலிற் செய்த பூட்டுகள் இரும்பினால் ஆனவையல்ல, மரத்தினால் ஆனவை. பண்டை மெசொப்பொத்தேமியாவிலும் எகிப்திலும் கதவுக்குக் குறுக்கே ஒரு மரத் தாழைச் செலுத்தினார்கள். அத்தாழிலே துளைகள் இருந்தன. மேலே பொருத்திய கட்டையிலிருந்து சிறு மர முளைகள் தம் பாரத்தினாலே அத்துளைகளில் விழுந்து தாழை அசையாமற் பிடித்துக்கொண்டன. திறப்பதற்கோ முளைகள் எழுந்து நிற்கும் ஒரு நீண்ட மரத்துண்டை உள்ளே செலுத்தி, விழுந்த முளைகளை ஒருங்கே உயர்த்தினால் தாழ் நழுவும். அமெரிக்கராகிய லைனஸ் யேல் என்பார் 1860களிலே இதே தத்துவத்தைத்தான் ஒரு சிறிய உலோக உருளைக்குள் அடக்கினார். இன்று நம்முடைய வாசற்கதவிலே இருப்பது பெரும்பாலும் அதுவே.

நேயர்களே, இவ்விடத்தில் சொல்லைப்பற்றியும் ஒரு சொல். இலங்கையிலே நாம் 'திறப்பு' என்கிறோம். தமிழ்நாட்டார் 'சாவி' என்பர். அது போர்த்துக்கேயர் தந்துவிட்டுப் போன சொல். இலக்கியத் தமிழோ 'திறவுகோல்' என்கிறது. கோல் என்றதும் மனத்தில் எழுவது மரமேயன்றி இரும்பன்று. சொல்லாராய்ச்சியில் இறங்கி இதிலிருந்து எதையும் நிறுவ நான் முற்படவில்லை. கேட்பதற்கு இனிமையாயிருக்கிறது என்றளவில் விடுகிறேன்.

அந்த மரத் திறவுகோல், 1979ஆம் ஆண்டிலே, தென்னாபிரிக்காவின் பிரிட்டோரியா நகரத்துச் சிறைச்சாலை ஒன்றிலே மீண்டும் ஒருமுறை வரலாற்றிற் புகுந்தது. இன்று நான் கூறவந்தது அக்கதையே.

அக்காலத்தில் தென்னாபிரிக்காவை ஆண்டது நிறவெறி அரசு. பெரும்பான்மை மக்களின் உரிமைக்காகப் போராடிய ஆபிரிக்க தேசிய காங்கிரசை அது 1960ஆம் ஆண்டிலேயே தடைசெய்துவிட்டது. தோலின் நிறத்தைக் கொண்டு பாடசாலையையும் கடற்கரையையும் பிரித்த அவ்வரசு, தன் அரசியற் கைதிகளையும் அவ்வாறே பிரித்து வைத்தது. நெல்சன் மண்டேலாவும் அவருடைய தோழர்களும் றொபன் தீவுக்கு அனுப்பப்பட்டார்கள். அதே இயக்கத்துக்காக, அதே வழக்கிலே ஆயுட்தண்டனை பெற்ற வெள்ளையரான டெனிஸ் கோல்ட்பேர்க் பிரிட்டோரியாவுக்கு அனுப்பப்பட்டார். ஒரே குற்றத்துக்கு ஒரே தண்டனை. சிறை மட்டும் வேறு! நிறவெறியின் அபத்தத்தை விளக்க இதைவிடப் பெரிய வியாக்கியானம் வேண்டியதில்லை.

இச்சிறைக்கு 1978ஆம் ஆண்டிலே இருவர் புதிதாக வந்து சேர்ந்தனர். ஒருவர் டிம் ஜென்கின். மற்றவர் ஸ்டீபன் லீ. இருவரும் கேப்டவுண் பல்கலைக்கழகத்தில் பயின்ற வெள்ளை இளைஞர்கள். தடைசெய்யப்பட்ட இயக்கத்தின் துண்டுப்பிரசுரங்களைச் சனநெருக்கமுள்ள வீதிகளிலே வானில் வீசி எறியும் சிறு பொறிகளை அமைத்து வந்தார்கள். அவை காகிதத்தைச் சிதறினவேயன்றி உயிரைச் சிதைக்கவில்லை. அதற்கு ஜென்கினுக்குக் கிடைத்தது பன்னிரண்டு ஆண்டுச் சிறை. லீக்கு எட்டு ஆண்டு. அங்கே முன்னரே அலெக்ஸ் மும்பாரிஸ் என்பவர் இருந்தார். எகிப்திலே பிறந்த அவர் 1973இல் பன்னிரண்டு ஆண்டுத் தண்டனை பெற்றவர். தப்பிச் செல்வது என்னும் எண்ணத்திலே இம்மூவரும் ஒன்றுபட்டனர்.

சிறையிலிருந்து தப்பியவர்களின் கதைகள் பல உண்டு. பெரும்பாலானவற்றில் சுரங்கம் தோண்டுவார்கள். அல்லது மதிலேறிக் குதிப்பார்கள். இம்மூவரும் கொண்ட துணிபு இன்னும் எளியது. அதனாலேயே மிகவும் துணிகரமானது. வந்த வழியே, முன்வாயிலால், ஒவ்வொரு கதவாகத் திறந்துகொண்டு நடந்து போய்விடுவது! இடையே இருந்தவை பத்துக் கதவுகள்.

பூட்டு எதனாலே நம்மைக் காக்கிறது என்பதை இங்கே சிறிது சிந்திக்க வேண்டும். சிறைச்சாலைகளில் வழங்கும் கனத்த பூட்டுகளுக்குள்ளே பல மெல்லிய தகடுகள் அடுக்கப்பட்டிருக்கும். திறப்பின் ஒவ்வொரு பல்லும் ஒவ்வொரு தகட்டைக் குறித்த உயரத்துக்கு எழுப்ப வேண்டும். உயரம் சிறிது குறைந்தாலும் தாழ் அசையாது. சிறிது மிகுந்தாலும் அசையாது. ஆகவே பூட்டின் காவல் இரும்பின் வன்மையிலே மாத்திரம் இல்லை. அது சில அளவுகளைப்பற்றிய ஓர் இரகசியத்திலே தங்கியிருக்கிறது. அவ்வளவுகளை அறிந்தவனுக்கு இரும்பும் ஒன்றுதான், பலகைத்துண்டும் ஒன்றுதான்.

இவ்வுண்மை இலண்டன் நகரத்தவர்க்கு 1851ஆம் ஆண்டிலேயே கசப்பாக உணர்த்தப்பட்டது. அவ்வாண்டு நடந்த மாபெரும் பொருட்காட்சிக்கு வந்த அமெரிக்கப் பூட்டுத் தொழிலாளி ஆல்பிரட் ஹொப்ஸ், திறக்கவே முடியாதது என்று பேர்பெற்ற சப் கம்பனியாரின் பூட்டை இருபத்தைந்து நிமிடங்களிலே திறந்து காட்டினார். பின்னர், திறப்பவருக்கு 200 கினி பரிசென்று பிரமா கம்பனியார் நெடுங்காலம் கடைவாசலில் அறைகூவி வைத்திருந்த பூட்டையும் பதினாறு நாட்களில், மொத்தம் 51 மணிநேரம் உழைத்துத் திறந்தார். பத்திரிகைகளிலே பெரும் வாதம் எழுந்தது. இரகசியத்தை இப்படி வெளிப்படுத்தலாமா என்று சினந்தோர் பலர். பூட்டின் குறையைத் திருடர்கள் முன்னரே அறிவார்கள், அறியாதிருப்பவர் பூட்டை வாங்குபவரே என்பது ஹொப்சின் கட்சி. அவர் பக்கமே நியாயம் இருந்ததென்பது என் எண்ணம்.

ஆனால் ஹொப்சுக்கு நுண்ணிய எஃகுக் கருவிகள் இருந்தன, பகல் வெளிச்சம் இருந்தது, மத்தியஸ்தர்கள் இருந்தார்கள். பிரிட்டோரியாக் கைதிகளுக்கு என்ன இருந்தது? சிறையே அவர்களுக்குத் தந்தவைதாம். கைதிகளை வேலை வாங்குவதற்கென அங்கே ஒரு தச்சுப் பட்டறை இருந்தது. பட்டறை என்றால் பலகைத் துண்டுகளும் அரமும் அதனைச் சேர்ந்தவைதானே! துப்புரவு செய்வதற்குத் தும்புத்தடி இருந்தது. எல்லாவற்றினும் மேலாக, ஒவ்வொரு நாளும் பலமுறை காவலர் அவர்கள் கண்முன்னே கதவுகளைத் திறந்தும் பூட்டியும் காட்டினர். இடுப்பிலே தொங்கிய திறப்புக் கோவை நாள்முழுவதும் அவர்கள் பார்வையில் ஆடிக்கொண்டிருந்தது. அரசாங்கம் அறியாமலே நடத்திய பாடசாலை அது.

ஜென்கின் கண்களாலேயே அளந்தார். திறப்பின் பற்கள் எவ்வாறு வெட்டப்பட்டிருக்கின்றன என்பதைப் பார்த்துப் பார்த்து மனத்தில் எழுதிக்கொண்டார். பட்டறையிலே மரத்தை அவ்வளவுக்குச் செதுக்கினார். முதலிலே தம் அறையின் உட்புறக் கம்பிக் கதவு. அதன் திறப்புத் துவாரம் உள்ளிருப்பவர் கைக்கு எட்டுவது. எனவே சோதித்தல் கூடியதாயிருந்தது. பொருந்தாவிட்டால் மீண்டும் அராவுதல், மீண்டும் சோதித்தல். ஒரு நாள் தாழ் நகர்ந்தது.

அதற்கு வெளியே இருந்த உருக்குக் கதவுதான் பெரிய புதிர். அதன் துவாரம் நடைவழிப் பக்கத்திலேயே இருந்தது. உள்ளே இருப்பவன் அதனைத் தொடவும் இயலாது. இதற்கு ஜென்கின் கண்ட உபாயமே இக்கதையின் சிகரம் என்பேன். தும்புத்தடியின் நீண்ட பிடியிலே, திருகக்கூடிய ஒரு வளைகைப் பொறியை இணைத்தார். அதன் நுனியிலே மரத் திறப்பைப் பொருத்தினார். நடைவழியை நோக்கியிருந்த பலகணி வழியே அதை வெளியே நீட்டி, பூட்டின் துவாரத்திலே செலுத்தி, உள்ளே நின்றபடியே திருப்பினார். ஆயுதம் என்று எவரும் ஐயுறாத வீட்டுப் பொருள் அல்லவா தும்புத்தடி! மூலையிலே சார்த்தி வைத்தால் யார் அதைத் திரும்பிப் பார்க்கப் போகிறார்கள்?

இவ்வாறு ஒன்றன்பின் ஒன்றாகத் திறப்புகள் பெருகின. இரவில் அறையைவிட்டு வெளியே சென்று அடுத்த கதவைச் சோதித்துவிட்டு, மீண்டும் உள்ளே வந்து தம்மைத் தாமே பூட்டிக்கொள்வர். தம்மைத் தாமே பூட்டிக்கொள்ளுதல் எத்தகைய மனவலிமையை வேண்டுவது என்பதை நேயர்கள் எண்ணிப் பார்க்கலாம். மரமோ இரும்பைப்போல உறுதியானதன்று. ஒரு பல் முறிந்து பூட்டுக்குள்ளே சிக்கிவிட்டால், மறுநாட் காலை காவலர் திறக்கும்போது எல்லாம் வெளியாகிவிடும். தண்டனை நீளும், ஏனைய கைதிகளும் துன்புறுவர். சிறையின் அப்பகுதியில் இருந்தோர் சுமார் பத்துப் பேரே. எல்லாரும் தப்பிச் செல்லும் கருத்துடையோரல்லர். ஆயினும் ஒன்றரை ஆண்டுக்கு அண்மித்த காலம் அந்த இரகசியம் காக்கப்பட்டது. மரத்திறப்புகளைவிட இது அரிய சாதனை என்று கருதுகிறேன்.

1979ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம் 11ஆம் நாள், கைதிகளை அறைகளிலே பூட்டிய பின்னர் மூவரும் புறப்பட்டனர். அவ்வேளையில் காவலரின் கவனத்தைத் தம்பால் இழுத்து வைத்திருந்தவர் கோல்ட்பேர்க். அவர் இத்திட்டத்துக்குத் துணைநின்றவர். ஆனால் தாம் போவதில்லை என்று முடிவுசெய்திருந்தார். ஆயுட்தண்டனை பெற்றவர், பதினாறு ஆண்டுகளாக அடைபட்டிருந்தவர், இன்னும் எத்தனை ஆண்டோ என்று அறியாதவர், மற்ற மூவர் போவதற்காகக் காவலரோடு பேசிக்கொண்டிருந்தார்.

கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. கடைசிக் கதவு மாத்திரம் அவர்களிடமிருந்த எந்தத் திறப்புக்கும் இணங்கவில்லை. அதுவரை எந்தக் கதவிலும் ஒரு கீறலும் விழாமல் வந்தவர்கள், வேறு வழியின்றி அதன் நிலையை உடைத்துத் திறக்க நேர்ந்தது. அவ்வோசை எவர் காதிலும் விழவில்லை. அப்பால் வீதி. சாதாரண உடையணிந்த மூன்று வெள்ளையர் வீதியிலே நடந்து செல்வதை எவரும் பொருட்படுத்தவில்லை. எந்த நிறத்தைக்கொண்டு அரசு மக்களைப் பிரித்ததோ, அந்நிறமே அன்று அவர்களுக்குப் போர்வையாயிற்று. எல்லை கடந்து, 1980ஆம் ஆண்டின் தொடக்கத்திலே அவர்கள் சுதந்திரராய் உலகுக்குத் தம்மைக் காட்டிக்கொண்டனர்.

அதிகாரிகளால் இதனை நம்ப முடியவில்லை. உள்ளிருந்து எவரோ உதவியிருக்க வேண்டும் என்று கருதி, அன்றிரவு கடமையிலிருந்த காவலர்மீது வழக்குத் தொடுத்தனர். அவர் குற்றமற்றவரென்று விடுவிக்கப்பட்டார். கைதிகள் மரத்தால் தம் பூட்டுகளைத் திறந்தனர் என்று ஏற்பதைவிடத் தம் காவலனே துரோகி என்று நம்புவது அவர்களுக்கு எளிதாயிருந்தது போலும்.

ஜென்கின் 1987ஆம் ஆண்டிலே இவ்வரலாற்றை நூலாக எழுதினார். 2020இல் அது திரைப்படமாகவும் வந்தது. அவருடைய பிற்காலப் பணியோ பூட்டுகளைத் திறப்பதன்று, ஆக்குவது. இலண்டனிலே இருந்துகொண்டு, 1980களின் இறுதியில், இயக்கத்தின் செய்திகளை எண்களாக மறைத்துத் தொலைபேசி வழியே அனுப்பும் கணினி முறை ஒன்றை அவர் அமைத்தார். அப்பொழுது இன்னும் சிறையிலிருந்த மண்டேலா, லுசாகாவிலிருந்த ஒலிவர் தம்போவோடு கருத்துப் பரிமாறியது அவ்வழியேதான்.

டெனிஸ் கோல்ட்பேர்க் மேலும் ஐந்து ஆண்டுகளுக்கு மேலாகப் பிரிட்டோரியாவிலேயே இருந்தார். அவர் விடுதலையானது 1985ஆம் ஆண்டில். அப்பொழுது அவர் கைதுசெய்யப்பட்டு ஏறக்குறைய இருபத்திரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன.