நெல்லில் மாவுச்சத்து மரபணுக்கள்

நெல் பால் பிடித்து முற்றும் நாள்களில் மணியில் மாவுச்சத்தைச் சேர்க்கும் நொதிகளுக்குரிய மரபணுக்களும், அவற்றின் வேலையைக் கூட்டிக் குறைக்கும் ஏற்பாடுகளும் இங்கே பேசப்படுகின்றன. மாவுச்சத்தில் அமைலோஸ், அமைலோபெக்டின் என இரு கூறுகள் உண்டு. அமைலோஸ் மிகுந்தால் சோறு உதிரியாக வரும். அறவே இல்லாவிட்டால் செட்டிநாட்டுக் கவுனிபோல் ஒட்டும். திருவண்ணாமலை, ஆரணி வட்டாரத்தில் உதிரிச் சோற்றுக்கே மதிப்பு.

இந்தியாவில் இவ்வாய்வு 1912-இல் தொடங்கிய கோயம்புத்தூர் நெல் ஆராய்ச்சி நிலையத்தோடு பிணைந்தது. சென்னை மாகாண அரசின் பயிரியலாளர் எஃப். ஆர். பார்னெல் அங்கே ஒட்டும் நெல்லையும் ஒட்டா நெல்லையும் கலந்தார். கலப்புச் செடியின் மகரந்தத்தில் அயோடின் இட்டு நுண்ணோக்கியில் பார்த்தபோது, ஏறத்தாழப் பாதித் தூள்கள் கருநீலமாகவும் மீதி செம்பழுப்பாகவும் தெரிந்தன. ஒவ்வொரு தூளுக்கும் ஒரே மரபணுப் பிரதிதான். அதன் குணம் அந்தத் தூளின் மாவிலேயே வெளிப்பட்டது. மெண்டல் பட்டாணியின் சந்ததிகளை எண்ணி ஊகித்த பிரிவினையை ஒரு கண்ணாடித் தகட்டில், ஒரு சொட்டு அயோடினில் காண முடிந்தது. இம்முடிவு 1921-இல் அச்சேறியது. மக்காச்சோளத்தில் இதே சோதனை வெளியானது 1924-இல்தான். கிச்சிலிச் சம்பா எனப்படும் ஜி.இ.பி. 24 நெல்லும் இந்நிலையம் தந்ததே. ஆரணி ஆலைகளுக்கு நன்கு பழக்கமான பி.பி.டி. 5204-இன் பெற்றோரில் அதுவும் ஒன்று.

பார்னெலின் சோதனைக்கு அடுத்த அறுபது ஆண்டுகளில், ஒட்டும் தன்மைக்குக் காரணமான வேக்சி மரபணு அமைலோஸ் கட்டும் நொதிக்குரியது எனத் தெளிவாயிற்று.

1990-களில் கட்டுப்பாட்டு முறையும் விளங்கியது. ஜப்பானிகா நெல் பலவற்றில் இம்மரபணுவின் முதல் இன்ட்ரானின் (ஆர்என்ஏ-விலிருந்து வெட்டி நீக்கப்படும் இடைப்பகுதியின்) தொடக்கத்தில் 'ஜி' என்னும் டிஎன்ஏ எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் 'டி' உள்ளது. அதனால் ஆர்என்ஏ-வில் அப்பகுதி சரிவர வெட்டப்படுவதில்லை. நொதி குறைகிறது, அமைலோஸும் குறைகிறது. குளிரில் வெட்டு ஓரளவு சீராவதால், ஒரே விதை குளிர்ந்த பருவத்தில் சற்றே உதிரியான சோறு தரும். இந்திகா நெல்லில் பெரும்பாலும் இந்த மாற்றம் இல்லை. மாற்றம் முதலில் எங்கே தோன்றியது என்பதில் கருத்து வேறுபாடு உண்டு.

பிற்காலத்தில் பல மாவுச்சத்து மரபணுக்களை ஒருசேர முடுக்கும் புரதங்கள் கண்டறியப்பட்டன. 2013-இல் விவரிக்கப்பட்ட ஓஎஸ்பிசிப்58 அவற்றுள் ஒன்று. நவரைப் பருவ நெல் கோடை வெயிலில் முற்றும்போது அரிசியில் வெண்மை விழுவதற்கு மாவு கட்டும் மரபணுக்கள் தளர்வதைச் சிலர் காரணமாகச் சொல்வர்; மாவைச் சிதைக்கும் அமைலேஸ் கூடுவதே காரணம் என்பர் வேறு சிலர்.