குறுக்கிடும் விசைகள்

விசைப்பலகையின் மேல்வரிசையில், வலப்புறமாக மூன்று விசைகள் ஒதுங்கி நிற்கும்: பிரிண்ட் ஸ்க்ரீன், ஸ்க்ரோல் லாக், பாஸ்-பிரேக். முதலாவதைத் திரையைப் படமாக்கப் பயன்படுத்துகிறோம். மற்ற இரண்டையும் ஆண்டுக்கணக்காகத் தொடாமலேயே எழுதி வருகிறோம். ஆயினும் அவற்றுள் ஒன்றன் வரலாறு கணினிக்கும் முந்தையது.

'பிரேக்' தந்திக் காலத்துச் சொல். அமெரிக்கத் தந்தி முறையில், செய்தி ஏதும் செல்லாத வேளையிலும் கம்பியில் மின்சாரம் ஓடிக்கொண்டேயிருக்கும். அனுப்புபவர் அதைத் துண்டித்தும் இணைத்தும் மோர்ஸ் குறிகளை எழுப்புவார். மறுமுனையில் இருப்பவருக்கு ஒரு சொல் விளங்காவிடில், தம் பக்கத்தில் மின்சுற்றை முறிப்பார். அனுப்புபவரின் கருவி ஒலிக்காது போகும். அவர் நிறுத்திவிட்டுக் காத்திருப்பார். பேசுபவரைக் கேட்பவர் இடைமறிக்கும் உரிமை அது.

அவ்வுரிமையைத் தொலை அச்சுப்பொறிகள் ஒரு தனி விசையாக்கின. அவற்றிடமிருந்து கணினி பெற்றுக்கொண்டது. 1981-இல் வெளிவந்த ஐபிஎம் பிசியின் 83 விசைகளுள் பிரேக்கும் ஸ்க்ரோல் லாக்கும் ஒரே விசையில் குடியிருந்தன. கண்ட்ரோலுடன் அதை அழுத்தினால் ஓடிக்கொண்டிருக்கும் பேசிக் நிரல் நின்றுவிடும். தனித்து அழுத்தினால் அது ஸ்க்ரோல் லாக். அம்பு விசைகள் சுட்டியை விடுத்துப் பக்கத்தையே நகர்த்துவதற்கான ஏற்பாடு இது. எக்செல் இன்றும் இதற்குக் கட்டுப்படுகிறது.

1984-இல் பிசி ஏடி 84-ஆவது விசையைச் சேர்த்தது: சிஸ் ரெக். ஓடும் செயலியைக் கடந்து இயக்குதளத்தையே நேரே அழைப்பதற்கான விசை. டாஸ் அதைப் பொருட்படுத்தவில்லை. பின்னர் அது பிரிண்ட் ஸ்க்ரீன் விசையின்மேல் ஒண்டுக்குடித்தனம் புகுந்தது. அதற்கு வாழ்வளித்தது லினக்ஸ். கணினி உறைந்து, திரை அசையாது நிற்கும் வேளையிலும், இவ்வசதி இயக்கப்பட்டிருந்து கருவகம் உயிரோடிருந்தால், ஆல்ட்டும் சிஸ் ரெக்கும் சேர்த்து 'எஸ்' அழுத்த, நினைவகத்தில் தேங்கிய தரவுகள் வட்டில் எழுதப்படும். 'பி' அழுத்த, கணினி மறுபடி தொடங்கும். வரிசை பிறழ்ந்து முதலிலேயே 'பி' அழுத்தினால், எழுதப்படாதவை அழிந்துபோகும்.

எழுத்தை உள்ளிடும் விசைகளுக்கிடையே இவை வேறு குலத்தவை. 'நில்' என்று சொல்லப் பிறந்தவை. இன்று பல மடிக்கணினிகளில் இவற்றுக்கு இடமில்லை. விசைகள் போவதில் நமக்கு வருத்தமில்லை. ஓடும் பொறியை இடைமறிக்கும் வழி ஏதேனுமொன்று நம் விரல்களுக்கு எட்டும் தொலைவில் இருக்கிறதா என்பதே நாம் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி.